போர்ட் ஃபார்வர்ட் வேலை செய்யலையா? பாக்கெட் எங்க நிக்குதுன்னு முதல்ல பாருங்க

போர்ட் ஃபார்வர்ட் (வெளியில இருந்து ஒரு போர்ட் நம்பருக்கு வர்றதை வீட்டுக்குள்ள இருக்குற ஒரு மெஷினுக்கு அனுப்புற ரூல்) போட்டாச்சு, ரூட்டர் பேஜ்ல எல்லாம் சரியா தான் தெரியுது, ஆனா வெளியில இருந்து வரவே மாட்டேங்குது. இப்படி மாட்டுனவங்க எல்லாரும் பண்ணுறது ஒண்ணு தான், ரூலை அழிச்சிட்டு அதே ரூலை திரும்ப போடுறது, அப்புறம் ரீபூட், அதுக்கும் மசியலன்னா அந்த மெஷினை டிஎம்இசட்ல, அதாவது எல்லா போர்ட்டும் வெளிய திறந்து கிடக்குற இடத்துல, தூக்கி வச்சிடுறது. ஆனா தப்பு ரூல்ல இருக்குறது கம்மி தான். பாக்கெட் (நெட்வொர்க்ல போற தகவல் துண்டு) கேட்வே (உள் நெட்வொர்க்கை இன்டர்நெட்டோட இணைக்குற ரூட்டர்) வரைக்கும் வந்துச்சா, கேட்வேயை தாண்டி உள்ள போச்சா, பதில் வந்த வழியாவே திரும்பி போச்சா, இதுல எங்க நின்னுச்சுன்னு தெரியாம ரூலை நோண்டுறது வெறும் டைம் வேஸ்ட். அதனால இதை அறிகுறி வாரியா எழுதிருக்கேன், உங்களுக்கு எது நடக்குதோ அங்க நேரா போயிடுங்க.

உதாரணத்துக்கு ஒரே செட்டப்பை வச்சுக்கறேன். உள்ள நெட்வொர்க் 192.168.1.0/24, கேட்வே 192.168.1.1, சர்வர் 192.168.1.50. வெளி ஐபி 203.0.113.10 (இது உதாரணத்துக்குன்னே ஒதுக்கி வச்சிருக்குற ரேஞ்ச், யாரோட ஐபியும் இல்ல). வெளியில 8443ல வர்றதை உள்ள 192.168.1.50ல 443க்கு அனுப்பணும். கேட்வே லினக்ஸ் பாக்ஸா இருந்தாலும், ஓப்பன்டபிள்யூஆர்டியா இருந்தாலும், மைக்ரோடிக்கா இருந்தாலும், இன்டர்நெட் கம்பெனிக்காரன் குடுத்த ஃபைபர் டப்பாவா இருந்தாலும் லாஜிக் ஒண்ணு தான், டப்பாவுல மட்டும் உள்ள எட்டி பாக்க வழி கம்மி.

டெஸ்ட் பண்ணுறப்ப ஒரு விஷயம். வீட்டு வைஃபைல உக்காந்துக்கிட்டு வெளி ஐபியை தட்டி பாத்து "வரல"ன்னு முடிவு பண்ணாதீங்க, அது வேற பிரச்சனை, கீழ தனியா இருக்கு. ஃபோன்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால இருந்து பாருங்க, இல்ல வெளியில ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) இருந்தா அதுல இருந்து நெட்கேட்ங்குற டூலை போட்டு பாருங்க.

வெளியில இருந்து போட்டா சுத்திக்கிட்டே இருக்கு, கடைசியில டைம்அவுட்

நெறைய பேருக்கு நடக்குறது இது தான். யாரோ பாக்கெட்டை சத்தம் இல்லாம போட்டு தள்ளுறாங்க, இல்லன்னா அது வரவே இல்ல.

முதல்ல உங்களுக்கு நிஜமாவே வெளி ஐபி இருக்கான்னு பாருங்க. ரூட்டரோட ஸ்டேட்டஸ் பேஜ்ல இன்டர்நெட் பக்கம் என்ன ஐபி வாங்கிருக்குன்னு பாத்து எழுதி வச்சுக்கோங்க, அப்புறம் பிரவுசர்ல "என் ஐபி என்ன"ன்னு தேடி வர்ற நம்பரோட ஒப்பிட்டு பாருங்க. ரெண்டும் வேற வேறன்னா உங்களுக்கு முன்னாடி இன்னொருத்தர் நாட் (பாக்கெட்ல இருக்குற ஐபியை மாத்தி அனுப்புறது) பண்ணிட்டு இருக்கார்னு அர்த்தம், நீங்க உங்க ரூட்டர்ல எத்தனை ரூல் போட்டாலும் பாக்கெட் உங்க வாசலுக்கே வராது.

அந்த முன்னாடி இருக்குறவர் யாருன்னு ஸ்டேட்டஸ் பேஜ் நம்பரே சொல்லிடும். 100.64ல இருந்து 100.127 வரைக்கும் உள்ள நம்பர்னா அது கம்பெனியோட கேரியர் கிரேட் நாட், சிஜிநாட்னு சொல்லுவாங்க. ஐபிவி4 தட்டுப்பாடு வந்ததால 2012ல ஆர்எஃப்சி 6598ங்குற இன்டர்நெட் விதி ஆவணம் போட்டு 100.64.0.0/10ங்குற ரேஞ்சை இதுக்குன்னே ஒதுக்குனாங்க. சில கம்பெனி அதுக்கு பதிலா 10ல ஆரம்பிக்குற நம்பரை குடுக்கும், விஷயம் அதே தான். ஒரு சின்ன குழப்பம் வரும், டெயில்ஸ்கேல்ங்குற விபிஎன் போட்டிருந்தீங்கன்னா அதுவும் இதே 100 ரேஞ்ச்ல தான் மெஷினுக்கு ஐபி குடுக்கும், அதை பாத்துட்டு சிஜிநாட்னு பயந்துடாதீங்க, ரூட்டரோட வெளிப்பக்க ஐபி மட்டும் தான் கணக்கு.

சிஜிநாட்னா என்ன பண்ணுறது? ஒரு மணி நேரம் ரூட்டர் பேஜ்ல தேடுறதால ஒண்ணும் வராது. கம்பெனிகிட்ட ஸ்டேட்டிக் ஐபி கேளுங்க, மாசம் கொஞ்சம் கூட காசு ஆகும், ஆனா தலைவலி அதோட போச்சு. காசு குடுக்க மனசு இல்லன்னா வெளியில ஒரு சின்ன விபிஎஸ் எடுத்து வீட்டுல இருந்து அதுக்கு வயர்கார்ட் டனல் (விபிஎன் பாதை) போட்டு, ஃபார்வர்டை அந்த விபிஎஸ்ல பண்ணுங்க, டனல் உள்ள இருந்து வெளிய கிளம்புறதால சிஜிநாட் அதை தடுக்காது. மூணாவது வழி ஐபிவி6. நம்ம ஊர்ல பெரிய கம்பெனி நெறைய பேர் ஐபிவி6 குடுக்குறாங்க, அதுல பொதுவா நாட்டே கிடையாது, ரூட்டர் ஃபயர்வால்ல அந்த ஒரு மெஷினுக்கு அந்த ஒரு போர்ட்டை உள்ள விட்டா போதும். ஆனா பாக்குற ஆளுகிட்டயும் ஐபிவி6 இருக்கணும், அத மறந்துடாதீங்க.

ஸ்டேட்டஸ் பேஜ்ல 192.168ல ஆரம்பிக்குற நம்பர் இருந்துச்சுன்னா பெரும்பாலும் டபுள் நாட். ஃபைபர் டப்பா ஒரு ரூட்டர், அதுக்கு பின்னாடி நீங்க கடையில வாங்குனது இன்னொரு ரூட்டர். ட்ரேஸ்ரூட் போட்டா முதல் ரெண்டு வரியுமே உள் ஐபியா காட்டும். நல்ல வழி டப்பாவை பிரிட்ஜ் மோடுக்கு மாத்தி வெளி ஐபி நேரா உங்க ரூட்டருக்கே வர்ற மாதிரி பண்ணுறது. அது முடியலன்னா டப்பால இருந்து உங்க ரூட்டருக்கு, உங்க ரூட்டர்ல இருந்து சர்வருக்குன்னு ரெண்டு இடத்துல ஃபார்வர்ட் போடணும். முடிஞ்சப்புறம் டப்பாவுக்கு மேல சிஜிநாட்டும் இருக்கான்னு டப்பாவோட ஸ்டேட்டஸ்லயும் ஒரு தடவை பாத்துடுங்க, மூணு அடுக்கு நாட்ல உக்காந்திருக்குற வீடுகளும் இருக்கு.

ஐபி சரியா இருக்கு, ஆனாலும் டைம்அவுட்டா? இப்ப கேட்வேல டிசிபிடம்ப் (வர்ற போற பாக்கெட்டை காட்டுற டூல்) ஓட விடுங்க, வெளிப்பக்க இன்டர்ஃபேஸ்ல, போர்ட் 8443ன்னு மட்டும் ஃபில்டர் வச்சு. டிசிபிடம்ப் உள்ள வர்ற பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு முன்னாடியே பாத்துடும், அதனால உங்க ரூல் எவ்வளவு தப்பா இருந்தாலும் பாக்கெட் வந்தா அங்க தெரிஞ்சே ஆகணும். மொபைல்ல இருந்து தட்டுறப்ப ஒரு சின் பாக்கெட் (கனெக்ஷனை ஆரம்பிக்குற முதல் பாக்கெட்) கூட தெரியலன்னா கம்பெனி அந்த போர்ட்டை வழியிலயே மறிக்குது. 25, 80, 443, 445 இதெல்லாம் வீட்டு கனெக்ஷன்ல மறிக்குறது சகஜம், 50443 மாதிரி வேற நம்பர் போட்டு பாருங்க.

சின் வருது, ஆனா பதில் இல்ல. இப்ப கவுன்ட்டரை, அதாவது ஒவ்வொரு ரூல்லயும் எத்தனை பாக்கெட் மாட்டுச்சுங்குற எண்ணிக்கையை, பாக்கணும். ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட ஃபயர்வால் டூல்) நாட் டேபிளை கவுன்ட்டரோட லிஸ்ட் எடுங்க, வெளியில இருந்து ஒரு தடவை தட்டுங்க, திரும்ப லிஸ்ட் எடுங்க. அதுக்கு அப்புறம் வந்த என்எஃப்டேபிள்ஸ்னா ரூல்லயே கவுன்ட்டர்னு சொல்லி போட்டா தான் எண்ணும், இல்லன்னா காட்டாது. ப்ரீரூட்டிங்ல (பாக்கெட் வந்ததும் முதல்ல பாக்குற ரூல் வரிசை) இருக்குற டிநாட் (போக வேண்டிய ஐபி, போர்ட்டை மாத்துற) ரூலோட நம்பர் ஏறலன்னா ரூல் மேட்சே ஆகல: டிசிபிக்கு பதிலா யுடிபின்னு போட்டிருக்கலாம், இல்ல இன்டர்ஃபேஸ் பேர் தப்பு. பிபிபிஓஇ (ரூட்டர் யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு லாகின் ஆகுற) கனெக்ஷன்ல இது அடிக்கடி நடக்கும், கேபிள் சொருகுனது ஈத்0ல தான், ஆனா பாக்கெட் வர்றது பிபிபி0ல, ரூல்ல ஈத்0ன்னு எழுதிட்டு ஏன் வரலன்னு கேட்டா எப்படி வரும்.

டிநாட் கவுன்ட்டர் ஏறுது, ஆனா ஃபார்வர்ட் செயின்ல (கேட்வேயை தாண்டி போற பாக்கெட்டை பாக்குற ரூல் வரிசை) எதுவுமே ஏறல, அங்க டிராப் கூட ஆகலன்னா ரெண்டே விஷயம் தான். ஒண்ணு ஐபி ஃபார்வர்டிங் கர்னல்ல ஆஃப்ல இருக்கு, சிஸ்கன்ட்ரோல் (sysctl) கமாண்டுல அதோட மதிப்பு 1ஆ இருக்கணும். இன்னொண்ணு ஆர்பி ஃபில்டர், அது ரெண்டு லைன் வச்சிருக்குறவங்களுக்கு, கடைசியில சொல்றேன்.

ஃபார்வர்ட் செயின்ல டிராப் ஆகுதுன்னா நெறைய பேர் சறுக்குற இடம் அது. டிநாட் நடக்குறது முன்னாடி, ஃபார்வர்ட் செயின் பாக்குறது அதுக்கு அப்புறம். அதனால அங்க வர்றப்ப பாக்கெட்ல போக வேண்டிய இடம் 192.168.1.50, போர்ட் 443ன்னு ஏற்கனவே மாறியிருக்கும். நீங்க ஃபார்வர்ட்ல 203.0.113.10, 8443ன்னு அனுமதி எழுதி வச்சிருந்தா அந்த ரூல் சாகுற வரைக்கும் மேட்ச் ஆகாது. உள்ள இருக்குற ஐபி, உள்ள இருக்குற போர்ட், அதை எழுதுங்க. இல்லன்னா டிநாட் ஆன கனெக்ஷன் எல்லாத்தையும் விடுன்னு ஒரே ரூல் போட்டுடலாம், மைக்ரோடிக்கோட டீஃபால்ட் ஃபயர்வால் இப்படித்தான் யோசிக்குது, டிஎஸ்டி நாட் (அதே டிநாட் தான்) ஆகாத வெளி கனெக்ஷனை மட்டும் தள்ளுவேன்னு ஒரு ரூல் வச்சிருக்கும். எனக்கு அது தான் புடிக்கும், ஒரு போர்ட்டுக்கு ரெண்டு இடத்துல எழுத வேண்டியது இல்ல.

இதெல்லாம் தாண்டி பாக்கெட் லேன் (உள் நெட்வொர்க்) பக்கம் போய் சர்வரையும் தொட்டுடுச்சு, ஆனா சர்வர் வாயே திறக்கல. உள்ள இருந்து 192.168.1.50ஐ போட்டா ஜம்முன்னு வருதே, அப்புறம் என்னன்னு தோணும். காரணம் சர்வரோட டீஃபால்ட் கேட்வே. பக்கத்து மெஷினுக்கு பதில் சொல்ல கேட்வே தேவையில்ல, வெளியாளுக்கு பதில் சொல்ல தேவை. சிசிடிவி டிவிஆர்ல இது ரொம்ப ரொம்ப சகஜம், மாட்ட வந்த பையன் ஐபியை ஸ்டேட்டிக்கா வச்சிட்டு கேட்வே கட்டத்தை காலியா விட்டிருப்பான், இல்ல பழைய ரூட்டரோட நம்பர் அதுல உக்காந்திருக்கும். ஹிக்விஷன்னா 8000, தாவான்னா 37777ன்னு போர்ட்டை மாத்தி மாத்தி பாக்குறதுக்கு முன்னாடி அந்த ஒரு கட்டத்தை பாருங்க.

விண்டோஸ் மெஷினா இருந்தா அதோட ஃபயர்வாலையும் சந்தேகப்படணும், அதுல சில ரூல் லோக்கல் சப்நெட்டுக்கு மட்டும்னு இருக்கும், நெட்வொர்க் பப்ளிக்னு குறிச்சிருந்தா இன்னும் கறார். கேட்வேயா ஃபயர்வாலா, பிரச்சனை சர்வர் பக்கம் தானான்னு ஒரே அடியில தெரியணும்னா ஒரு ட்ரிக் இருக்கு: லேன் பக்கம் போற அந்த ட்ராஃபிக்குக்கு தற்காலிகமா மாஸ்க்கரேட் (அனுப்புனவர் ஐபியை கேட்வேயோட ஐபியா மாத்துற ரூல்) போடுங்க, இப்ப சர்வருக்கு வர்றவர் எல்லாம் 192.168.1.1 மாதிரி தெரியும், பக்கத்து வீட்டுக்காரர். இப்ப வேலை செஞ்சுதுன்னா கேட்வே ரூல் எல்லாம் சரி, சர்வர்ல தான் கோளாறு. கண்டுபிடிச்சதும் அந்த மாஸ்க்கரேட்டை எடுத்துடுங்க, அப்படியே விட்டா என்ன ஆகும்னு கீழ இருக்கு.

டைம்அவுட் இல்ல, உடனே கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு வருது

இது நல்ல செய்தி. பாக்கெட் எங்கயோ ஒரு மெஷினை தொட்டு, அது "இங்க யாரும் இல்ல"ன்னு ரீசெட் அனுப்பிருக்கு. சர்வர்ல எஸ்எஸ் கமாண்ட் போட்டு 443ல யார் கேட்டுக்கிட்டு இருக்கான்னு பாருங்க. 127.0.0.1ல மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தா அந்த மெஷினை தவிர யாருக்கும் கதவு திறக்காது, சர்வீஸோட கான்ஃபிக்ல 0.0.0.0ன்னு மாத்தணும், இல்ல 192.168.1.50ன்னு. சர்வர் பக்கம் எதுவும் வரலையே, ஆனா ரெஃப்யூஸ்டுன்னா ரீசெட் குடுக்குறது கேட்வேயே தான், டிநாட் மேட்ச் ஆகாம பாக்கெட் கேட்வேக்குன்னே எடுத்துக்கிட்டிருக்கு.

சர்வர் வர வேண்டிய இடத்துல ரூட்டர் லாகின் பேஜ் வருது

ரூட்டரோட சொந்த அட்மின் பேஜ் அதே போர்ட்ல உக்காந்திருக்கு. மொபைல் டேட்டால இருந்து பாக்குறப்பவும் வருதுன்னா முதல்ல ரிமோட் மேனேஜ்மென்ட்டை ஆஃப் பண்ணுங்க, ஃபார்வர்ட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வீட்டுக்குள்ள இருந்து மட்டும் வருதுன்னா அது அடுத்த பிரச்சனையோட இன்னொரு முகம்.

மொபைல் டேட்டால சூப்பரா வருது, வீட்டு வைஃபைல அதே பேர் போட்டா வரல

ஹேர்பின்னு சொல்லுவாங்க, நாட் லூப்பேக்னும் சொல்லுவாங்க. என்ன நடக்குதுன்னு ஒரு தடவை புரிஞ்சுட்டா அப்புறம் வாழ்க்கைக்கும் மறக்காது.

உங்க லேப்டாப் 192.168.1.20ன்னு வச்சுக்கோங்க. அது 203.0.113.10, 8443ன்னு பாக்கெட் அனுப்புது. கேட்வே அதை வாங்கி 192.168.1.50, 443ன்னு மாத்தி அனுப்புது, ஆனா அனுப்புனவர் பேரை மாத்தல, 192.168.1.20ன்னே இருக்கு. சர்வர் பாக்குது, அட நம்ம பக்கத்துல இருக்குற ஆளு தானேன்னு பதிலை கேட்வேக்கு அனுப்பாம சுவிட்ச் வழியா நேரா லேப்டாப்புக்கே அனுப்பிடுது. லேப்டாப் எதிர்பாக்குறது 203.0.113.10ல இருந்து பதில், வந்ததோ 192.168.1.50ல இருந்து, நான் உன்கிட்ட பேசவே இல்லையேன்னு ரீசெட் அடிச்சிடுது. யார் மேலயும் தப்பு இல்ல, பதில் வந்த வழியா திரும்பி போகல, அவ்வளவு தான்.

சரி பண்ண ரெண்டு ரூல் வேணும். டிநாட் ரூலை "வெளிப்பக்க இன்டர்ஃபேஸ்ல வந்தா மட்டும்"னு கட்டி வைக்காம, போக வேண்டிய ஐபி 203.0.113.10னா பண்ணுன்னு எழுதணும், ஏன்னா வீட்டுக்குள்ள இருந்து வர்றது லேன் இன்டர்ஃபேஸ்ல தான் வரும். கூடவே போஸ்ட்ரூட்டிங்ல (பாக்கெட் கேட்வேயை விட்டு கிளம்புறப்ப பாக்குற ரூல் வரிசை), 192.168.1.0/24ல இருந்து கிளம்பி 192.168.1.50, 443க்கு போறதுக்கு மட்டும் மாஸ்க்கரேட். ஓப்பன்டபிள்யூஆர்டில ஃபார்வர்ட் போட்டாலே இதை அதுவா சேத்து போட்டுடும், நாட் லூப்பேக்னு ஒரு டிக் இருக்கும், எடுத்து விட்டுருக்கீங்களான்னு மட்டும் பாருங்க. கம்பெனி டப்பால இந்த வசதி இல்லன்னா இல்ல தான், அதோட மல்லுக்கட்டாதீங்க.

அப்படிப்பட்ட டப்பாவுக்கு இன்னொரு வழி இருக்கு, வீட்டுக்குள்ளயே ஒரு டிஎன்எஸ் (பேரை ஐபியா மாத்தி சொல்லுறது) வைக்குறது. வீட்டுக்குள்ள இருந்து அந்த பேரை கேட்டா 192.168.1.50ன்னு சொல்லுற மாதிரி டிஎன்எஸ்மாஸ்க்லயோ பை-ஹோல்லயோ ஒரு என்ட்ரி போடுங்க. ஆனா டிஎன்எஸ் பேரை தான் மாத்தும், போர்ட்டை மாத்தாது. வெளியில 8443, உள்ள 443ன்னா வீட்டுக்குள்ள இருக்குறப்ப 8443ல போய் முட்டிக்கும். சர்வரை உள்ளயும் 8443லயே கேக்க வச்சிட்டா பிரச்சனை தீந்துச்சு. பெரிய ஆஃபீஸ்னா சர்வரை தனி விலேன்ல (சுவிட்ச்லயே பிரிச்ச தனி நெட்வொர்க்) தனி சப்நெட்ல வைங்க, பதில் கேட்வே வழியா போயே ஆகணும்ங்குறதால இந்த மாஸ்க்கரேட் வித்தையே தேவைப்படாது.

சர்வர் லாக்ல வர்றவங்க எல்லாருமே 192.168.1.1

மேல சொன்ன தற்காலிக மாஸ்க்கரேட்டை எடுக்க மறந்தா இது தான் நடக்கும். இல்ல யாரோ போஸ்ட்ரூட்டிங்ல "எல்லாத்துக்கும் மாஸ்க்கரேட்"னு இன்டர்ஃபேஸ் சொல்லாம ஒரு வரி போட்டிருப்பாங்க. பாக்க சின்ன விஷயம், ஆனா சர்வர்ல ஃபெயில்டூபேன் (பாஸ்வேர்ட் தப்பா அடிக்குற ஐபியை தடுக்குற டூல்) ஓடிச்சுன்னா எவனோ ஒருத்தன் பாஸ்வேர்ட் தப்பா அடிக்க, அது கேட்வேயோட ஐபியையே பேன் பண்ணும், உடனே உலகமே வெளிய. மாஸ்க்கரேட் ரூல்ல வெளிப்பக்க இன்டர்ஃபேஸ் வழியா போறதுக்கு மட்டும்னு எழுதுங்க, ஹேர்பினுக்கு தனியா, குறிப்பா எழுதுங்க.

நேத்து வரைக்கும் ஓடுச்சு, எதுவும் தொடல, இன்னைக்கு இல்ல

நீங்க தொடல, ஆனா ஏதோ ஒண்ணு தொட்டிருக்கும். கரன்ட் போய் வந்துச்சா? சர்வருக்கு டிஹெச்சிபில (ரூட்டர் தானா ஐபி குடுக்குற முறை) வேற ஐபி கிடைச்சிருக்கும், ஃபார்வர்ட் இன்னும் பழைய ஐபிக்கு போய்க்கிட்டு இருக்கும். ரூட்டர்ல மேக் அட்ரஸை வச்சு ரிசர்வேஷன் போடுங்க. வெளி ஐபியும் மாறியிருக்கலாம், டிடிஎன்எஸ் (வெளி ஐபி மாற மாற கூடவே மாத்திக்குற) பேர் இப்ப எந்த நம்பரை காட்டுதுன்னு பாருங்க. லினக்ஸ் பாக்ஸ்னா கையில அடிச்ச ஐபிடேபிள்ஸ் ரூல் ரீபூட்ல காத்தோட போயிடும், சேவ் பண்ணிருக்கணும். ஐபி ஃபார்வர்டிங்கும் அப்படித்தான், கான்ஃபிக் ஃபைல்ல எழுதாம கமாண்டுல மட்டும் ஆன் பண்ணிருந்தா திரும்ப 0 ஆயிடும்.

அதே பாக்ஸ்ல யாராவது டாக்கர் (கன்டெய்னர் ஓட்டுற சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்ணாங்களான்னும் கேளுங்க. 2017ல வந்த 1.13ல இருந்து டாக்கர் ஐபி ஃபார்வர்டிங்கை தானே ஆன் பண்ணுறப்ப ஃபார்வர்ட் செயினோட பாலிசியை டிராப்னு மாத்தி வைக்கும், பாலிசி அக்செப்ட்டை நம்பி ஓடிக்கிட்டு இருந்த உங்க ஃபார்வர்ட் எல்லாம் அடுத்த ரீபூட்ல மொத்தமா படுத்துடும். உங்க அனுமதி ரூலை டாக்கர்-யூசர்ங்குற செயின்ல போடுங்க, அதை டாக்கர் அழிக்காது.

ரூலை மாத்திட்டேன், ஆனா இன்னும் பழைய சர்வருக்கே போகுது

நாட் டேபிளை ஒரு கனெக்ஷனோட முதல் பாக்கெட் மட்டும் தான் பாக்கும். அங்க எடுத்த முடிவு கான்ட்ராக் டேபிள்ல (ஓடுற கனெக்ஷன்களோட பட்டியல்) பதிவாயிடும், மீதி பாக்கெட் எல்லாம் அந்த பதிவு படியே போகும், ரூலை அழிச்சா கூட. டிசிபின்னா கட் பண்ணி கனெக்ட் பண்ணா புது ரூல் பிடிக்கும். யுடிபி தான் படுத்தும், வயர்கார்ட் மாதிரி விடாம பாக்கெட் வந்துக்கிட்டே இருந்தா பதிவு சாகவே சாகாது, மணிக்கணக்கா பழைய இடத்துக்கே போகும். கான்ட்ராக் டூலை போட்டு அந்த போர்ட்டோட பதிவை மட்டும் அழிங்க. மொத்தத்தையும் ஃப்ளஷ் பண்ணலாம், ஆனா ஆஃபீஸ் நேரத்துல பண்ணா எல்லாரோட ஃபோன் காலும் கட்டாகி உங்க சீட்டுக்கு கூட்டம் வரும்.

கனெக்ட் ஆகுது, லாகின் பேஜ் கூட வருது, அப்புறம் அப்படியே தொங்குது

சின்ன பாக்கெட் போகுது, பெருசு போகல. காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச சைஸ். பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்லயும் 8 பைட் எடுத்துக்கும், அதனால 1500 இல்ல, 1492 தான் கிடைக்கும். பெரிய பாக்கெட் போகாதப்ப "சின்னதா அனுப்பு"ன்னு சொல்லுற ஐசிஎம்பி மெசேஜை வழியில எவனாவது பாதுகாப்புன்னு சொல்லி மறிச்சு வச்சிருந்தா அனுப்புறவருக்கு விஷயமே தெரியாது, அதே பெரிய பாக்கெட்டை திரும்ப திரும்ப அனுப்பிக்கிட்டே இருப்பார்.

உறுதி பண்ண, துண்டாக்காதேங்குற கொடியோட பிங் போடுங்க, 1464 சைஸ் போகணும் (தலைப்பு 28 சேத்தா 1492), 1472 போகக்கூடாது. 1464ம் போகலன்னா உள்ள இன்னொரு டனல் இருக்கு. மருந்து எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்ல போற தகவலோட அதிகபட்ச சைஸ்) கிளாம்ப்: மேங்கிள் டேபிள்ல (பாக்கெட்டோட விவரத்தை மாத்துற டேபிள்) ஃபார்வர்ட் செயின்ல சின் பாக்கெட்டோட எம்எஸ்எஸ்ஸை பாத் எம்டியூவுக்கு ஏத்த மாதிரி குறைக்க சொல்லி ஒரு ரூல். 1492க்கு அது 1452ஆ வரும். அப்படியே ஐசிஎம்பியை மொத்தமா மறிக்குற அந்த பழைய ரூலையும் தூக்கி எறிங்க, அதனால கிடைக்குற பாதுகாப்பை விட வர்ற தொல்லை தான் அதிகம்.

ஃபோன் அடிக்குது, எடுத்தா ஒரு பக்கம் மட்டும் குரல்

இன்டர்நெட் ஃபோன் காலை இணைச்சு விடுற எஸ்ஐபி, 5060ல பேசி முடிக்குறப்ப "குரலை இந்த ஐபிக்கு அனுப்பு"ன்னு பாக்கெட்டோட உள்ளடக்கத்துக்குள்ள ஐபியை எழுதி அனுப்பும். நாட் வெளிக்கவர்ல இருக்குற ஐபியை மாத்தும், உள்ள இருக்குற கடுதாசியை படிக்காது. எதிர் பக்கம் 192.168.1.50ன்னு பாத்துட்டு குரலை எங்கயோ அனுப்பும். அதை சரி பண்ணுறேன்னு ரூட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜின்னு ஒண்ணு இருக்கும், பாதி ரூட்டர்ல அது சரி பண்ணுறத விட கெடுக்குறது தான் ஜாஸ்தி, முதல்ல அதை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் ஆஸ்டரிஸ்க்ல (ஃபோன் சர்வர் சாஃப்ட்வேர்) வெளி ஐபி எது, லோக்கல் நெட் எதுன்னு சொல்லிட்டு, ஆர்டிபி (குரல் போற) போர்ட் ரேஞ்சை ஃபார்வர்ட் பண்ணுங்க, அதோட சாம்பிள் கான்ஃபிக்ல 10000ல இருந்து 20000 வரைக்கும் யுடிபி.

ஃபைல் அனுப்புற எஃப்டிபியும் இதே குடும்பம். 21 மட்டும் ஃபார்வர்ட் பண்ணா லாகின் ஆகும், ஃபைல் லிஸ்ட் வராது. பேசிவ் (ஃபைலும் லிஸ்ட்டும் போக தனியா திறக்குற) போர்ட் ரேஞ்சை சர்வர்ல சின்னதா கட்டிட்டு அதையும் ஃபார்வர்ட் பண்ணணும், வெளி ஐபியை சர்வர்லயே சொல்லணும். லினக்ஸ்ல எஃப்டிபி ஹெல்ப்பர் இருக்கேன்னு நம்பாதீங்க, 4.7 கர்னல்ல இருந்து அது தானா ஒட்டிக்காது, நீங்க ரூல் போட்டா தான், அதுவும் டிஎல்எஸ் போட்ட எஃப்டிபின்னா ஹெல்ப்பரால உள்ள படிக்கவே முடியாது. எஸ்எஃப்டிபிக்கு மாறிடுங்க, ஒரே போர்ட், சோலி முடிஞ்சுது.

சும்மா விட்டா கொஞ்ச நேரத்துல கனெக்ஷன் செத்துடுது

கான்ட்ராக் பதிவு காலாவதி ஆகுது. லினக்ஸ்ல டீஃபால்ட்டா நிலைச்ச டிசிபிக்கு 5 நாள் வச்சிருக்கும், ஆனா யுடிபிக்கு ஒரு பக்கம் மட்டும் பேசுனா 30 செகண்ட் தான். சின்ன ரூட்டர்கள் மெமரியை மிச்சம் புடிக்க டிசிபியையும் ரொம்ப குறைச்சு வைக்கும். ரூட்டரை திட்டுறத விட்டுட்டு கிளையன்ட்ல கீப்அலைவ் போடுங்க: வயர்கார்ட்ல 25 செகண்ட், எஸ்எஸ்ஹெச்ல 60 செகண்ட் வச்சா போதும்.

இதுக்கு நேர் எதிரா, எல்லாருக்குமே சாயங்காலம் ஆனா புது கனெக்ஷன் எடுக்க மாட்டேங்குது, ஏற்கனவே ஓடுறது ஓடுதுன்னா கான்ட்ராக் டேபிள் ரொம்பிடுச்சு. கர்னல் லாக்ல "டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்"னு வரி இருக்கும். மேக்ஸிமத்தை ஏத்தலாம், ஆனா எந்த மெஷின் ஆயிரக்கணக்குல பதிவு வச்சிருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் டோரன்ட், இல்லன்னா வைரஸ் புடிச்ச ஏதோ ஒரு கேமரா. 2016ல மிராய்னு ஒரு மால்வேர், டெல்நெட்ல ஃபேக்டரி பாஸ்வேர்டோட கிடந்த கேமரா, டிவிஆர், ரூட்டரை எல்லாம் புடிச்சு அக்டோபர் 21 அன்னைக்கு டைன்ங்குற டிஎன்எஸ் கம்பெனியவே படுக்க வச்சிது. டிவிஆரை ஃபார்வர்ட் பண்ணுறவங்க பாஸ்வேர்டை மாத்தாம, ஃபர்ம்வேர் ஏத்தாம பண்ணாதீங்க, டிஎம்இசட்ல வைக்கவே வைக்காதீங்க. நானா இருந்தா டிவிஆர் போர்ட்டை திறக்கவே மாட்டேன், வயர்கார்டோட 51820 ஒண்ணை மட்டும் திறந்துட்டு அதுக்குள்ள போய் பாப்பேன்.

ரெண்டு இன்டர்நெட் லைன் இருக்கு, ரெண்டாவது லைன் வழியா மட்டும் ஃபார்வர்ட் வரல

முதல்ல பாதியில விட்ட ஆர்பி ஃபில்டர் இங்க தான். டீஃபால்ட் ரூட் முதல் லைன்ல இருக்கு, பாக்கெட் வர்றது ரெண்டாவது லைன்ல. ஆர்பி ஃபில்டர் 1ல, அதாவது கறார் மோடுல இருந்தா, "இந்த ஆளுக்கு பதில் அனுப்பணும்னா நான் முதல் லைன்ல தான அனுப்புவேன், இவன் எப்படி இங்க வந்தான்"னு கர்னல் தூக்கி எறிஞ்சிடும். டிசிபிடம்ப்ல தெரியும், டிநாட் கவுன்ட்டர் ஏறும், ஃபார்வர்ட்ல தெரியாது, அடையாளம் அது தான். அந்த இன்டர்ஃபேஸுக்கு 2ன்னு மாத்துங்க. 0ன்னு மாத்தி பாத்துட்டு வேலை செய்யலன்னு சொல்லுறவங்க கவனிங்க, "ஆல்"ங்குற பொது மதிப்பு, இன்டர்ஃபேஸோட மதிப்பு ரெண்டுல எது பெருசோ அது தான் எடுத்துக்கும், ஆல் 1ல இருந்தா நீங்க போட்ட 0க்கு மரியாதை இல்ல.

அது சரியானாலும் பதில் முதல் லைன் வழியா தான் கிளம்பும், ரெண்டாவது லைனோட ஐபியை அனுப்புனவர் பேரா வச்சுக்கிட்டு. முதல் கம்பெனி இது என் ஐபி இல்லையேன்னு போட்டு தள்ளும். அதனால ரெண்டாவது லைன்ல வர்ற புது கனெக்ஷனுக்கு கான்மார்க்ல ஒரு குறி வைங்க, சர்வர்ல இருந்து பதில் வர்றப்ப மேங்கிள் ப்ரீரூட்டிங்ல அந்த குறியை பாக்கெட்டுக்கு திரும்ப ஒட்டுங்க, அந்த குறி இருந்தா தனி ரூட்டிங் டேபிளை பாருன்னு ஐபி ரூல் ஒண்ணு, அந்த டேபிள்ல டீஃபால்ட் ரூட் ரெண்டாவது லைன். உள் நெட்வொர்க்கான 192.168.1.0/24க்கு போற ரூட்டையும் அந்த டேபிள்ல சேத்துடுங்க. சேத்தப்புறம் ரெண்டு வெளி இன்டர்ஃபேஸ்லயும் தனித்தனியா டிசிபிடம்ப் ஓட விட்டு, சின் வந்த லைன்லயே அதுக்கு பதிலான சின்-ஆக் வெளிய போகுதான்னு பாத்துட்டு கையை கழுவுங்க.